எர்த் ஃபால்ட் ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பது? ஆலை மின்பொறுப்பாளர்களுக்கான கேள்வி–பதில்

எர்த் ஃபால்ட் என்றால் ஒரு பேஸ் மெஷின் உடம்பையோ மண்ணையோ தொட்டு மின்னோட்டம் எர்த்துக்குப் போவது. அதைப் பார்த்து பிரேக்கரைத் தட்டுவதுதான் எர்த் ஃபால்ட் ரிலே. எண்கள் இல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. அதனால் நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு நூற்பாலையை வைத்துக்கொள்வோம். ஈபியிலிருந்து 11 கிலோவோல்ட் எச்டி (உயர் அழுத்த) சப்ளை வருகிறது. 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று, 11000/433 வோல்ட், டெல்டா–ஸ்டார், இம்பீடன்ஸ் 5 சதவீதம். எல்டி (தாழ்வழுத்த) பக்கம் முழு லோடு மின்னோட்டம் 1333 ஆம்பியர், மெயின் ஏசிபி (ஏர் சர்க்கியூட் பிரேக்கர்) 1600 ஆம்பியர். ஸ்டாரின் நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்டிருக்கிறது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த ஆலைக்கானவை. உங்கள் ஆலையின் எண்களைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிட வேண்டும்.

எம்சிசிபியும் (ஃபீடர்களில் உள்ள சிறிய பிரேக்கர்) ஃபியூஸும் இருக்கும்போது தனியாக எர்த் ஃபால்ட் பாதுகாப்பு எதற்கு?

டிரான்ஸ்பார்மர் முனையிலேயே ஷார்ட் ஆனால் சுமார் 26,700 ஆம்பியர் பாயும். அதை எந்த பிரேக்கரும் பார்த்துவிடும். ஆனால் பழுது பெரும்பாலும் அங்கே வருவதில்லை. 120 மீட்டர் தள்ளி இருக்கும் 37 கிலோவாட் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸில், ஒரு பேஸ் உடம்பைத் தொடும் இடத்தில் வரும்.

அந்த மோட்டாருக்கு 35 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள். சூடான நிலையில் அதன் ஒரு கோரின் ரெசிஸ்டன்ஸ் 120 மீட்டருக்கு ஏறக்குறைய 0.13 ஓம். திரும்பி வரும் பாதை ஒரு ஜிஐ பட்டை. இரும்பு என்பதால் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், 0.3 ஓம் வரை போகலாம். இணைப்புகளையும் சேர்த்து மொத்தச் சுற்று 0.5 ஓம் என்று வைத்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் உள்ள 250 வோல்ட்டுக்குப் பாயும் மின்னோட்டம் 500 ஆம்பியர்தான்.

இந்த மோட்டாரின் எம்சிசிபி 100 ஆம்பியர், மேக்னடிக் டிரிப் 10 மடங்கில், அதாவது 1000 ஆம்பியரில் இருக்கிறது. 500 ஆம்பியர் அதை எட்டாது. தெர்மல் பகுதி சூடாகித்தான் டிரிப் ஆக வேண்டும். அதற்குச் சில நொடிகளும் ஆகலாம், பத்து நொடிக்கு மேலும் ஆகலாம். டிஎன் முறையில் (மெஷின் உடம்பை உலோகப் பாதையால் நியூட்ரலோடு சேர்க்கும் முறை) இப்படிப்பட்ட பெரிய சுற்றுகளுக்கு ஐஇசி 60364 என்னும் சர்வதேசத் தரம் தரும் உச்சவரம்பு 5 நொடி. 32 ஆம்பியர் வரையுள்ள கடைசிச் சுற்றுகளுக்கு 0.4 நொடி.

அந்த நொடிகளில் மோட்டார் உடம்பில் என்ன இருக்கும் என்று பாருங்கள். 500 ஆம்பியரை 0.3 ஓமால் பெருக்கினால் 150 வோல்ட். மெஷின் பக்கத்தில் வேலை செய்கிறவர் அந்த நேரத்தில் கை வைத்தால் அவர் தொடுவது அந்த 150 வோல்ட்டை. தனி எர்த் ஃபால்ட் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

எர்த் பிட்டைக் கூட்டிக்கொண்டே போனால் போதாதா?

போதாது. பல ஆலைகளில் பணம் தவறான இடத்துக்குப் போவது இதில்தான். மோட்டாரின் உடம்பைப் பட்டை வழியாக நியூட்ரலுக்குத் திருப்பிக் கொண்டுவராமல், அருகில் ஒரு பிட் தோண்டி அதில் மட்டும் இணைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிட் 1 ஓம், டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் பிட் 1 ஓம். இரண்டுமே அருமையான அளவுகள். ஆனாலும் பாயும் மின்னோட்டம் 250 வகுத்தல் 2, அதாவது 125 ஆம்பியர். 100 ஆம்பியர் எம்சிசிபி இதை ஓவர்லோடாக நினைத்து நிமிடக்கணக்கில் தாங்கி நிற்கும். மோட்டார் உடம்பில் 125 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும்.

பிட் வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூட்ரலுக்கும் மெஷின் உடம்புக்கும் இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்று நம் விதிகள் சொல்கின்றன, அது சரியானதுதான். ஆனால் ஃபால்ட் மின்னோட்டத்தைச் சுமந்து வரவேண்டியது உலோகப் பாதை. மண்ணை நம்பி செட்டிங் போடக் கூடாது.

சரி, செட்டிங்கை எப்படி முடிவு செய்வது?

இரண்டு எல்லைகளைக் கண்டுபிடியுங்கள். மேல் எல்லை, அந்த பிரேக்கர் பார்க்க வேண்டிய பகுதியின் கடைசி முனையில் வரும் மிகக் குறைந்த எர்த் ஃபால்ட் மின்னோட்டம். கீழ் எல்லை, பழுதே இல்லாதபோதும் அந்த சென்சார் வழியாகத் தெரியும் மின்னோட்டம். கேபிள் லீக்கேஜ், டிரைவ் ஃபில்டர், சிடிகளின் (மின்னோட்டத்தை ரிலேக்குக் காட்டும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்கள்) சிறு வேறுபாடு எல்லாம் இதில் சேரும். செட்டிங் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் எல்லைக்குப் பாதிக்கும் கீழே வைப்பது நல்லது. ஏனென்றால் நிஜமான பழுது முழுத் தொடர்பாக இருப்பதில்லை, ஆர்க் அடித்துக்கொண்டு கணக்கை விடக் குறைவாகவே பாயும்.

சில இடங்களில் இந்த இரண்டுக்கும் நடுவில் இடமே இருக்காது. அப்போது டயலைத் திருப்பிப் பயனில்லை. எர்த் கண்டக்டரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அந்த ஃபீடருக்கு சிபிசிடி (எல்லா பேஸ்களும் ஒன்றாக உள்ளே போகும் ஒற்றை வளைய சிடி) போட வேண்டும், அல்லது லீக்கேஜ் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ‘அடிக்கடி டிரிப் ஆகிறது, கொஞ்சம் ஏற்றி வையுங்கள்’ என்று புரொடக்‌ஷன் பக்கத்திலிருந்து வரும் போனுக்கு இதுதான் பதில்.

நம் மாதிரி ஆலையில் ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு?

கீழேயிருந்து மேலே போகலாம்.

மோட்டார் ஃபீடரில் சிபிசிடியும் எர்த் லீக்கேஜ் ரிலேயும் இருந்தால் 1 ஆம்பியர், 0.1 நொடி. ஈரப்பதமும் நீளமான கேபிளும் இருக்கும் இடத்தில் 3 ஆம்பியர் வரை போகலாம். 500 ஆம்பியர் வரும் இடத்தில் 3 ஆம்பியருக்கே வேலை செய்யும் ரிலே இருந்தால் வேறு கவலை இல்லை.

சப் பேனல் இன்கமர் 400 ஆம்பியர் என்றால், அதன் எர்த் ஃபால்ட் 20 சதவீதம், அதாவது 80 ஆம்பியர், 0.2 நொடி.

மெயின் ஏசிபியில் 20 சதவீதம் என்றால் 320 ஆம்பியர், 0.3 அல்லது 0.4 நொடி. பாதியான 250-க்கு மேல்தான், ஆனால் மோட்டாருக்கு இது பேக்கப் மட்டுமே. 500 ஆம்பியரைப் பார்க்கும், ஆனால் கீழே இருப்பவை முதலில் வேலை செய்ய நேரம் கொடுக்கும். ஃபீடரில் எர்த் ஃபால்ட் பாதுகாப்பே இல்லாமல் மெயினில் மட்டும் வைத்திருக்கும் ஆலைகள் நிறைய. ஒரு மோட்டார் பழுதுக்கு மொத்த ஆலையும் இருட்டாகும். அப்புறம் யாரோ மெயின் செட்டிங்கை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவார். 1600 ஆம்பியரில் வைத்த எர்த் ஃபால்ட், நாம் பார்த்த 500 ஆம்பியர் பழுதை ஒருபோதும் பார்க்காது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெளிநாட்டு அளவு: அமெரிக்காவின் என்இசி விதி, நேரடியாக எர்த் செய்த 480 வோல்ட் போன்ற சப்ளையில் 1000 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள மெயின் சுவிட்சுகளுக்கு எர்த் ஃபால்ட் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது. செட்டிங் 1200 ஆம்பியரைத் தாண்டக் கூடாது, 3000 ஆம்பியர் பழுதில் 1 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். அது சுவிட்ச்போர்டு எரிந்து போகாமல் காக்கும் உச்சவரம்பு. அதை நம் செட்டிங்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எச்டி விசிபியின் (எச்டி பக்கத்து வேக்யூம் பிரேக்கர்) எர்த் ஃபால்ட் ரிலேயையும் இவற்றோடு நேர வரிசையில் சேர்க்க வேண்டுமா?

எல்டி பக்கத்தோடு சேர்க்க வேண்டியதில்லை. எல்டியில் வரும் எர்த் ஃபால்ட், டெல்டா சுற்றைத் தாண்டி எச்டி பக்கம் எர்த் ஃபால்டாகத் தெரியாது. இரண்டு பேஸ்களில் மட்டும் கூடுதல் மின்னோட்டமாகத் தெரியும். அதுவும் குறைந்துதான் தெரியும்: எல்டியில் மூன்று பேஸ் ஷார்ட் ஆனால் எச்டியில் சுமார் 1050 ஆம்பியர், ஒரு பேஸ் எர்த் ஆனால் சுமார் 600 ஆம்பியர். எச்டி ஓவர்கரண்டை எல்டிக்கு பேக்கப்பாக நினைப்பவர்கள் இந்த 600-ஐ வைத்துக் கணக்கிட வேண்டும்.

ஆக, எச்டி எர்த் ஃபால்ட் ரிலே பார்ப்பது எச்டி கேபிளையும் டிரான்ஸ்பார்மரின் டெல்டா சுருளையும் மட்டுமே. அதைத் தாராளமாகக் கூர்மையாகவும் வேகமாகவும் வைக்கலாம். 75/5 சிடி இருந்தால் 10 சதவீதம், 7.5 ஆம்பியர். சார்ஜ் செய்யும்போது வரும் இன்ரஷ்ஷில் சிடிகள் சமமாக நடந்துகொள்ளாமல் பொய்யான மின்னோட்டம் காட்டும், அதற்காக 0.1 நொடி தாமதம் போதும். முக்கியமானது மேலே உள்ள ஈபி சப்ஸ்டேஷன் ஃபீடர் ரிலே. அவர்கள் செட்டிங்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் ரிலே அதற்கு முன் வேலை செய்யவில்லை என்றால் பக்கத்து ஆலைகளும் நம்மோடு சேர்ந்து இருட்டாகும்.

டிரான்ஸ்பார்மருக்கும் மெயின் ஏசிபிக்கும் நடுவில் எர்த் ஃபால்ட் வந்தால்?

பலர் யோசிக்காமல் விடும் இடம் இது. பஸ்டக்டில் (டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏசிபிக்கு வரும் பட்டைகள் உள்ள பெட்டி) பழுது வந்தால் ஏசிபி அதைப் பார்க்காது, ஏனென்றால் பழுது ஏசிபிக்கு முன்னால் இருக்கிறது. எச்டி எர்த் ஃபால்டும் பார்க்காது, டெல்டா மறைத்துவிடும். எச்டி ஓவர்கரண்ட் பார்க்கலாம், ஆனால் மெதுவாக. ஆர்க் அடிக்கும் பழுதாக இருந்தால் பார்க்காமலும் போகலாம்.

இதற்கு நியூட்ரல் எர்த் இணைப்பில் ஒரு சிடி போட்டு, அதில் ஸ்டாண்ட்பை எர்த் ஃபால்ட் ரிலே வைக்க வேண்டும். அது எச்டி விசிபியைத் தட்ட வேண்டும். ஏசிபியை மட்டும் தட்டினால் பழுதுக்கு மேலிருந்து சப்ளை தொடரும். செட்டிங் 320 ஆம்பியர், ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் கர்வ் (மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும்), டைம் மல்டிப்ளையர் 0.25 என்றால், 10 மடங்கான 3200 ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.74 நொடி ஆகும். மெயின் ஏசிபியின் 0.4 நொடிக்கு மேல் நல்ல இடைவெளி.

பெரிய டிரான்ஸ்பார்மர் என்றால் ஆர்இஎஃப் என்னும் ரெஸ்டிரிக்டட் எர்த் ஃபால்டும் சேருங்கள். பேஸ் சிடிகளுக்கும் நியூட்ரல் சிடிக்கும் நடுவில் உள்ளதை மட்டும் அது பார்க்கும். வெளியே வரும் பழுதுக்கு அசையாது என்பதால் நேரத் தாமதம் தேவையில்லை. அதற்குப் பாதுகாப்புக்கென்றே செய்த பிஎஸ் வகை சிடிகள் வேண்டும், ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டரைக் கணக்கிட்டுப் போட வேண்டும். சாதாரண மீட்டரிங் சிடியில் மாட்டினால் வெளியே வரும் ஒவ்வொரு ஷார்ட்டுக்கும் டிரிப் ஆகும்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் எர்த் ஃபால்ட் காட்டி டிரிப் ஆகிறது. மெகரில் (இன்சுலேஷன் சோதனையில்) மோட்டார் நன்றாக இருக்கிறது.

மூன்று பேஸ் சிடிகளின் கூட்டுத்தொகையை எர்த் ஃபால்டாக எடுக்கும் முறையில் இது சகஜம். ஸ்டார்டிங்கில் 6, 7 மடங்கு மின்னோட்டம் டிசி கலந்து வரும்போது மூன்று சிடிகளும் ஒரே மாதிரி சாச்சுரேட் ஆவதில்லை. வேறுபாடு ரிலேக்கு எர்த் ஃபால்டாகத் தெரியும். செட்டிங்கை ஏற்றுவது கடைசி வழி. முதலில் நல்ல சிடி, அடுத்து ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர், அல்லது சிறு தாமதம். காண்டாக்டரில் ஓடும் மோட்டார் என்றால் நான் நேராக சிபிசிடிக்குப் போகச் சொல்வேன். மூன்று பேஸும் ஒரே வளையத்துக்குள் போவதால் இந்தத் தொல்லையே இராது.

சிபிசிடி போட்டும் பழுதில் வேலை செய்யவில்லையே?

பெரும்பாலும் ஆர்மர், அதாவது கேபிளின் உலோகக் கவசம்தான் காரணம். ஆர்மர் உள்ள கேபிளை அப்படியே வளையத்துக்குள் விட்டால், பேஸில் போகும் ஃபால்ட் மின்னோட்டம் அதே கேபிளின் ஆர்மர் வழியாகத் திரும்பி வரும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், வளையத்துக்கு எதுவும் தெரியாது. கிளாண்டுக்கு (கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்துப் பிடிப்பு) பிறகு, கோர்கள் மட்டும் போகும் இடத்தில் வளையத்தை மாட்டுங்கள். அது முடியாத இடத்தில், கிளாண்டைப் பேனல் உடம்பிலிருந்து இன்சுலேட் செய்து, அதன் எர்த் வயரை வளையத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து எர்த் செய்யுங்கள். நியூட்ரல் இருந்தால் அதுவும் உள்ளே போக வேண்டும். எர்த் கண்டக்டர் போகக் கூடாது.

பழுதே இல்லாமல் மெயின் ஏசிபி எர்த் ஃபால்டில் விழுகிறது. எங்கே தேடுவது?

முதலில் நியூட்ரல் சிடி. லைட்டிங், ஏசி, ஆபீஸ் லோடு எல்லாம் ஒரே மெயினில் இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டம் இருக்கும். எல்இடி விளக்குகளும் கம்ப்யூட்டர்களும் உருவாக்கும் மூன்றாம் ஹார்மோனிக், மூன்று பேஸிலிருந்தும் நியூட்ரலில் கூடிச் சேரும். ஏசிபிக்கு நாலாவது சிடி இல்லையென்றால் இது முழுவதும் எர்த் ஃபால்டாகத் தெரியும். சிடி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் இரண்டு மடங்காகத் தெரியும். புதிய பேனல்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தத் தலைகீழ் இணைப்பைத்தான்.

அடுத்தது, எங்கோ ஒரு சப் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடுக்கியிருப்பார்கள். அப்போது நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் பட்டை வழியாகப் போகும். சும்மா டிரிப் ஆவது மட்டும் பிரச்சினையில்லை, நிஜப் பழுதில் மின்னோட்டத்தின் ஒரு பகுதி நியூட்ரல் வழியாகத் திரும்பி ரிலேயை ஏமாற்றவும் செய்யும். ஷட்டவுன் எடுத்து, மின்னணுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, நியூட்ரல் லிங்க்கை எடுத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மெகர் போட்டு, ஒவ்வொரு ஃபீடராகப் பிரித்துப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் கண்டிப்பாகப் பிடிபடும்.

விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும்) டிரைவ்கள் உள்ள ஃபீடருக்கு?

டிரைவின் ஃபில்டர், பழுதில்லாமலே எர்த்துக்கு மின்னோட்டம் விடும். 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பாதுகாப்புச் சாதனத்தை அங்கே வைத்தால் நிற்காது. வழக்கமான லீக்கேஜ், சாதனத்தின் அளவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐஇசி தரும் வழிகாட்டல். மூன்று பேஸ் டிரைவில் வரும் பழுது மின்னோட்டம் சீரான டிசியாகவும் இருக்கலாம். அதை ஏசி வகை, ஏ வகை சாதனங்கள் பார்க்காது, பி வகை வேண்டும். ஆலைகளில் பொதுவாக டிரைவுக்கு முன்னால் 300 மில்லி ஆம்பியரிலிருந்து 1 ஆம்பியர் வரை, சிறு தாமதத்தோடு வைப்பார்கள். கிளாம்ப் மீட்டரில் அளந்து பார்த்துவிட்டு வையுங்கள், கேட்டலாக்கைப் பார்த்து வைக்காதீர்கள்.

எல்லா இடத்திலும் 30 மில்லி ஆம்பியரே வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

ஆட்கள் கையில் பிடித்து வேலை செய்யும் இடங்களுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். வெல்டிங் பே, கிரைண்டர், டிரில், மெயின்டனன்ஸ் சாக்கெட், வெளியே மழையில் இழுத்துக்கொண்டு போகும் எக்ஸ்டென்ஷன் எல்லாம் இதில் அடங்கும். மெயினில் வைத்தால் ஒரு நாள்கூட ஓடாது. மூன்றாம் நாள் யாராவது பைபாஸ் செய்துவிடுவார்கள்.

நடுவில் இன்னொரு அளவு இருக்கிறது, 300 மில்லி ஆம்பியர். எளிதில் தீப்பிடிக்கும் பொருளைக் கையாளும் இடங்களின் வயரிங்குக்கு ஐஇசி 60364 இதை உச்சவரம்பாகச் சொல்கிறது. நூற்பாலையின் புளோ ரூம், பஞ்சு குடோன், வேஸ்ட் ரூம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்தான். பஞ்சுத் தூசி படிந்த ஜங்ஷன் பாக்ஸில் சிறிய லீக்கேஜே தீயைத் தொடங்கிவிடும். அந்த ஃபீடர்களில் 3 ஆம்பியருக்குச் சம்மதிக்காதீர்கள்.

டிஜி (டீசல் ஜெனரேட்டர்) ஓடும்போது அதே செட்டிங் சரியா?

500 கேவிஏ டிஜியின் முழு லோடு சுமார் 695 ஆம்பியர். தொடர்ந்து தரும் ஷார்ட் சர்க்கியூட் மின்னோட்டம், தனி எக்சைடேஷன் இருந்தாலும், மூன்று மடங்கு அளவில்தான் நிற்கும். டிரான்ஸ்பார்மரின் 26,700 ஆம்பியரை நினைத்து வைத்த ஷார்ட் சர்க்கியூட் செட்டிங் டிஜியில் தூங்கும். அங்கே எர்த் ஃபால்டுதான் உண்மையான காவல். அதனால் அதைக் குறைவாகவே வையுங்கள்.

சேஞ்ச்ஓவர் 4 போலா என்றும் பாருங்கள். 3 போல் என்றால் டிஜி நியூட்ரலும் டிரான்ஸ்பார்மர் நியூட்ரலும் எப்போதும் சேர்ந்தே இருக்கும், இரண்டும் தனித்தனியாக எர்த்தும் ஆகியிருக்கும். ஃபால்ட் மின்னோட்டம் இரண்டு பாதையில் பிரியும், எந்த ரிலேயும் முழுமையாகப் பார்க்காது.

6.6 கிலோவோல்ட் மோட்டார் உள்ள பெரிய ஆலைகளில்?

அங்கே நியூட்ரலில் ரெசிஸ்டர் இருக்கும். அது 400 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தினால், ஃபீடர் ரிலே அதில் 10 சதவீதம் அல்லது இன்னும் கீழே. ரெசிஸ்டர் பெரும்பாலும் 10 நொடி தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும், கடைசி பேக்கப்பும் அதற்கு வெகுமுன்பே துண்டிக்க வேண்டும். கீழ் எல்லையைத் தீர்மானிப்பது கேபிளின் கெப்பாசிடிவ் மின்னோட்டம், அதாவது சார்ஜிங் மின்னோட்டம். வேறு ஃபீடரில் பழுது வந்தாலும் நல்ல ஃபீடரின் சிபிசிடி தன் கேபிளின் சார்ஜிங் மின்னோட்டத்தைப் பார்க்கும். செட்டிங் அதற்கு மேல் இல்லையென்றால் பழுதில்லாத ஃபீடரும் சேர்ந்து விழும்.

செட்டிங் போட்டாயிற்று. சரியாக இருக்கிறது என்று எப்படி நம்புவது?

ஏசிபியில் உள்ள டெஸ்ட் பட்டன் டிரிப் யூனிட்டை மட்டும்தான் சோதிக்கும். சிடி தலைகீழ், வயர் விட்டுப்போனது, சிபிசிடியில் ஆர்மர் எதையும் அது காட்டாது. பிரைமரி இன்ஜெக்‌ஷன் செய்யுங்கள். நிஜ மின்னோட்டத்தை ஒரு பேஸில் விட்டு, பிரேக்கர் விழும் நேரத்தை அளக்க வேண்டும். அதோடு ஒரு பேஸில் விட்டு நியூட்ரலில் திரும்ப எடுத்துப் பாருங்கள், அப்போது விழவே கூடாது. கடைசி மோட்டார் வரை லூப் இம்பீடன்ஸ் மீட்டரால் அளந்து, நாம் கணக்கில் போட்ட 0.5 ஓம் நிஜமா என்றும் பாருங்கள். ஜிஐ பட்டையின் போல்ட் இணைப்பு துருப்பிடித்தால் அது மெல்ல ஏறிக்கொண்டே போகும், அதனால் வருடா வருடம்.

செட்டிங் தாள் ஒன்றைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மாற்றினால் தேதி, காரணம், மாற்றியவர் கையெழுத்து.

தீயணைப்பு பம்புக்கும் இதே மாதிரி டிரிப் வைக்கலாமா?

வேண்டாம். தீ எரியும்போது பம்ப் ஓடுவதுதான் முக்கியம், மோட்டார் போனாலும் போகட்டும். அமெரிக்காவின் என்இசி அந்தச் சுற்றில் எர்த் ஃபால்ட் டிரிப்பைத் தடையே செய்கிறது. அலாரம் மட்டும் கொடுத்து, பம்ப் ஃபீடரை மெயின் ஏசிபிக்கு முன்னாலிருந்து தனியாக எடுங்கள். அப்போது வேறு இடத்துப் பழுதில் மெயின் ஏசிபி விழுந்தாலும் பம்புக்கு சப்ளை இருக்கும்.